பாசியும் புல்லுருவியும்

எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு மாமரம் நிற்கிறது. இரண்டு வருஷங்களாக அதன் காய்ப்புக் குறைந்துவிட்டது. மார்கழியில் ஒரு நாள் அடிமரத்தைப் பார்த்தேன். மழையில் ஊறிய பட்டை முழுவதும் பச்சைப் பாசி. திருடன் அகப்பட்டான் என்று நினைத்து, அரிவாளை எடுத்துச் சுரண்டத் தொடங்கினேன். பாசியோடு பட்டையும் பெயர்ந்து வந்தது.

தேங்காய் பறிக்க வந்த பெரியவர் அதைப் பார்த்துப் பதறிப் போனார்.

"அது உங்க மரத்தை என்னங்கையா செஞ்சுது? அது பாட்டுக்கு ஒட்டிக்கிட்டுக் கிடக்குது. உறிஞ்சுறவன் மேலே இருக்கான், பாருங்க."

அண்ணாந்து பார்த்தேன். உச்சிக் கிளையில் புல்லுருவி, செம்மஞ்சள் நிறத்தில் குழல் குழலாகப் பூத்திருந்தது. அந்தப் பூக்களைப் பல நாள் நான் ரசித்ததும் உண்டு!

பிறகுதான் புத்தகத்தைப் புரட்டினேன். பாசிக்கு வேரே இல்லை. மெல்லிய இழைகளால் பட்டையைப் பற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். மழையும் பனியும் அதற்குத் தண்ணீர். வெளிச்சத்தைக் கொண்டு தன் உணவைத் தானே சமைத்துக்கொள்கிறது. மரத்திடம் அது கேட்பது நிற்க ஓர் இடம். புல்லுருவி அப்படியல்ல. அதற்கும் பச்சை இலை உண்டு; ஆனாலும் கிளைக்குள்ளே உறிஞ்சு வேரை இறக்கி, மரத்தின் நீரையும் உப்பையும் எடுத்துக்கொள்கிறது. அதை ஒடித்துப் போட்டால் மறுபடி தழைக்கும். ஒட்டிய இடத்துக்குக் கீழே கிளையோடு வெட்டத்தான் வேண்டும். பாசி கண்ணை உறுத்தினால், நெருங்கிய கிளைகளைக் கொஞ்சம் கழித்து, வெயிலும் காற்றும் வர விட்டால் போதும். அது தானே குறையும்.

இது மரத்தோடு முடிகிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் அத்தை ஒருத்தி இருக்கிறாள். கணவனை இழந்து வந்தவள். பின்கட்டில் ஒரு மூலை அவளுக்கு. போன வருஷம் கையில் பணம் முடைப்பட்டபோது, மாலையில் அவள் குடிக்கும் இரண்டாவது டம்ளர் காப்பி என் கண்ணில் பட்டது. வாய்விட்டுச் சொல்லவும் சொன்னேன். ஊர் மெச்சவேண்டும் என்று கடன் வாங்கி நடத்திய கல்யாணமும், அதற்கு மாதாமாதம் கட்டும் வட்டியும் கண்ணில் படவில்லை. அவை உயரத்தில் பூத்திருந்தன. பார்க்க அழகாகவும் இருந்தன.

"எனக்கு இப்போதெல்லாம் வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லையடா" என்று சொல்லி, அத்தை மாலைக் காப்பியை நிறுத்திவிட்டாள்.

கஷ்டம் வந்தால் யாரையாவது குற்றம் சொல்லத் தோன்றுகிறது. கைக்கு எட்டுகிறவர்கள், எதிர்த்துப் பேசாதவர்கள், ஒதுங்க இடம் மட்டும் கேட்டவர்கள்—அரிவாள் அவர்கள்மேல்தான் முதலில் விழுகிறது. சுத்தம் செய்கிறோம் என்ற திருப்தி வேறு! பெயர்ந்து வருவது நம் பட்டைதான் என்பது அப்போது தெரிவதில்லை.

அன்று பெரியவர் மரத்தில் ஏறிக் கிளையை வெட்டினார். சாயங்காலம் நானே அத்தைக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். "வயிறு சரியாகிவிட்டது என்று உனக்கு யார் சொன்னார்கள்?" என்று கேட்டுக்கொண்டே வாங்கிக்கொண்டாள். என்னால் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.