மெரினாவில் கைகூப்புதல்

சென்னை மெரினாவில் அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி ஆகிய நான்கு முதல்வர்கள் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அண்ணாவுக்கு 1969இல் அங்கே இடம் அமைந்தது. 2018இல் கருணாநிதிக்கு அங்கே இடம் பெற உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. நால்வரின் கட்சிகளும் பகுத்தறிவு இயக்கத்தில் வேர்கொண்டவை. வருகிறவர்களில் பலரோ செருப்பைக் கழற்றுகிறார்கள், கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். இது நினைவுகூர்தலா, வழிபாடா?

இறந்தவருக்குக் கல் எடுப்பது தமிழருக்குப் புதிதல்ல. கல்லைத் தேர்வதில் தொடங்கி வாழ்த்துவதில் முடியும் நடுகல் சடங்கைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாகச் சொல்கிறது. அந்தக் கல்லுக்கு மயிற்பீலி சூட்டிக் கள் படைத்தார்கள், வீரனே தெய்வமானான். இறந்த மன்னருக்காக எழுப்பிய சோழர் காலப் பள்ளிப்படைக் கோயில் வேறு வகை. மேல்பாடியில் அரிஞ்சயனுக்காக முதலாம் இராசராசன் எழுப்பிய கோயிலில் பூசை சிவனுக்கு. மன்னனுக்குக் கிடைத்தது பெயர் மட்டும். மெரினாவில் இலிங்கமும் இல்லை, அர்ச்சகரும் இல்லை. அந்த வகையில் அது நடுகல்லுக்கே நெருக்கம்.

உடல் உள்ளே இருப்பதால்தான் இந்தப் பணிவு என்று சொல்லிவிடவும் முடியாது. டெல்லி ராஜ்காட்டில் காந்தியின் உடல் இல்லை. எரியூட்டிய இடத்தில் ஒரு கறுப்புப் பளிங்கு மேடைதான். அங்கும் செருப்பு வெளியேதான். மரியாதை காட்ட இந்நாட்டு உடம்புக்குத் தெரிந்த வழி கோயிலில் பழகியது. நினைவிடத்துக்கென்று தனியாக ஒன்று உருவாகவில்லை. ஆகவே கைகூப்புவதை மட்டும் வைத்து மூடநம்பிக்கை என்பது அவசரத் தீர்ப்பு.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. எம்.ஜி.ஆர். சமாதியில் காதை வைத்து அவருடைய கைக்கடிகாரம் துடிப்பதைக் கேட்க முயல்வோர் உண்டு. ஜெயலலிதாவின் தோழி சசிகலா, 2017இல் சிறைக்குப் புறப்பட்டபோது அவர் சமாதியில் மூன்று முறை கையால் அறைந்து சபதம் செய்தார். தியானம் செய்தவர்களும் உண்டு. சபதத்துக்குச் சாட்சி வேண்டும். கேட்கிறவர் இருக்கிறார் என்று நம்பாமல் கல்லிடம் சபதம் செய்வதில் பொருளில்லை. அந்த நொடியில் கல் நினைவுச்சின்னமாக இருப்பதை விட்டுவிடுகிறது. கட்டடக் கலைஞர் ஜெயலலிதா நினைவிடத்தில் பீனிக்ஸ் வடிவத்தை வைத்தாரா, வேறெதையாவது வைத்தாரா என்பது பொருட்டே அல்ல.

பீடத்தில் கடவுள் மறுப்பு வாசகம் பொறித்த பெரியார் சிலைகளுக்கும் பிறந்தநாளில் மாலை விழுகிறது. ஆனால் மாலை போட்டவர்கள் அங்கே வரம் கேட்பதில்லை.