வெள்ளிக் கம்பியும் கடன் துண்டும்

பாரசீகத்தின் தென்பகுதியிலுள்ள லார் நகரின் பெயரால் வழங்கிய 'லாரின்' என்னும் வெள்ளிக்காசு வட்டமானதன்று. ஏறக்குறைய ஐந்து கிராம் எடையுள்ள வெள்ளிக் கம்பியை இரண்டாக மடித்து, அதன்மேல் எழுத்து முத்திரை குத்தியிருப்பர். 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் கடல் வாணிபத்தோடு இலங்கைக்கு வந்த அக்காசு, இங்கே தூண்டில் முள்ளின் வடிவில் வளைந்தது.

கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தமது நூலில் இக்காசைப் பற்றி வியப்பான செய்தியொன்றைத் தருகிறார். அரசனின் அனுமதியுடன் எவரும் இதனைச் செய்யலாம். விரும்பிய முத்திரையை இடலாம். வெள்ளியின் தரத்தில் ஐயம் தோன்றினால் நெருப்பில் செக்கச் சிவக்கக் காய்ச்சி நீரில் அமிழ்த்துவர். தூய வெண்மையாக வெளிவந்தாலன்றி அது செல்லாது. முத்திரையைவிடப் பொருளையே நம்பிய ஒரு சமுதாயத்தின் சான்று இது. இதனைத் தேடிச் சேர்ப்பவரை நாம் குறைகூற வேண்டியதில்லை.

ஆயினும் அதே மலைநாட்டில், பதுளையும் பண்டாரவளையும் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களில், வேறொரு நாணயமும் கைமாறியது. காப்பிப் பயிரை அழித்த இலைநோய் 1869இல் முதன்முதலாக மடுல்சீமையிலே காணப்பட்டது. காப்பி மறைந்தது, தேயிலை வந்தது, தொழிலாளியின் கடன் மட்டும் மாறவில்லை. தமிழகத்திலிருந்து புறப்படும்போதே வழிச்செலவு கடனாக ஏறிவிடும். வேறு தோட்டத்திற்குப் பெயர விரும்பிய கங்காணியிடம், இன்ன தொகையைக் கட்டினால் இத்தனை ஆட்களை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுத்த சீட்டுக்குப் பெயர் 'துண்டு'. ஆள் தேவைப்பட்ட மற்றொரு துரை அத்தொகையைக் கட்டுவார். கடன் புதிய தோட்டத்தின் கணக்கில் ஏறும். அந்தக் காகிதத்திற்கு மதிப்பளித்த வெள்ளி, மனிதரே. அக்கணக்கு மெய்தானா என்று சோதிக்க அவர்களுக்கு நெருப்புமில்லை, நீருமில்லை. 1921இல் தான் சட்டம் அம்முறையை ஒழித்தது.

இன்று அத்தகைய துண்டொன்று சேகரிப்பாளரின் கைக்கு வந்தால் என்ன செய்வது? அரிய காகிதமென்று விலை பேசுவது, ஒருமுறை விலை குறிக்கப்பட்ட மக்களுக்கு மறுமுறையும் விலை குறிப்பதாகாதா? எரித்துவிடலாமென்பார் சிலர். அது துரைக்கு உதவுமேயன்றி நமக்கன்று. லாரின் எந்தப் பேழையிலும் இருக்கட்டும்; அதனை வார்த்தவரும் வாங்கியவரும் அதனால் அடிமைப்பட்டிலர். துண்டின் நிலை வேறு. அதில் எழுதப்பட்ட ஆட்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அம்மலைகளில் இருக்கின்றனர். தொகை எவ்வளவு, தலைகள் எத்தனை, ஒரு தலைக்கு எவ்வளவு என்று பதுளையின் ஏதேனுமொரு வகுப்பறையில் ஒரு மாணவி வகுத்துப் பார்க்கும்படி, அது பொதுக்காப்பகத்திற்கே போய்ச் சேரவேண்டும்.