ஒரு பொய்யின் பரம்பரை

போன வருடம் பழைய மாணவன் ஒருவனின் கராத்தே வகுப்புக்குப் போயிருந்தேன். பயிற்சி முடிந்து பிள்ளைகள் துவண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவன் கேட்டான்: "இந்தக் கலைக்கு மூலம் யாரு தெரியுமா? போதிதர்மர். காஞ்சிபுரத்துத் தமிழன்." உடனே முதுகுகள் நிமிர்ந்தன.

எனக்கு உடம்பு கூசியது. அவை என் வார்த்தைகள். நான் நிறுத்துகிற இடத்தில்தான் அவனும் நிறுத்தினான்.

அதற்கு ஆதாரமில்லை என்பது நான் சொன்ன காலத்திலேயே எனக்குத் தெரியும். போதிதர்மரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்புகளில் சண்டைக் கலை பற்றிப் பேச்சே இல்லை. அவரை உடற்பயிற்சியோடு இணைக்கும் 'யீஜின் ஜிங்' என்ற நூல் 7ஆம் நூற்றாண்டு முன்னுரை ஒன்றைச் சுமந்திருக்கிறது. ஆனால் நூல் உருவானது 17ஆம் நூற்றாண்டில் என்பதே ஆய்வாளர்களின் முடிவு. தெரிந்தும் சொன்னேன். பிள்ளைகளுக்கு நல்லதுதானே என்று நினைத்தேன்.

எல்லாப் பள்ளிகளும் இப்படித்தானே என்று சமாதானம் தேடியபோது கத்தோரி ஷிந்தோ ரியூ நினைவுக்கு வந்தது. ஜப்பானில் இன்றும் உயிரோடிருக்கும் மிகப் பழைய போர்க்கலைப் பள்ளிகளில் ஒன்று. 15ஆம் நூற்றாண்டில் ஈஸாஸா இயெனாவோ தொடங்கியது. சிபா மாநிலத்துக் கத்தோரி ஆலயத்தில் அவர் 1,000 நாள் நோன்பிருந்தாராம். அங்குள்ள தெய்வம் ஃபுட்சுநுஷி, ப்ளம் மரத்தின் மேல் சிறுவனாகத் தோன்றிப் போர்முறை நூலைக் கொடுத்ததாம்.

இதையும் யாராலும் நிரூபிக்க முடியாது. அப்படியானால் என் கதை மட்டும் ஏன் உறுத்த வேண்டும்?

அந்தக் கதை மாணவனிடம் என்ன கேட்கிறது என்று பார்த்தேன். அங்கே சேருகிறவன் விரலைக் கீறி, இரத்தம் தொட்டு உறுதிமொழி தர வேண்டும். கற்றதைப் பெற்றவர்களிடம்கூடக் காட்டக்கூடாது. சூதாடக்கூடாது. வேறு பள்ளிக்காரனோடு கத்தி மோதிப் பார்க்கக்கூடாது. சவால் விட வந்தவர்களை இயெனாவோ எப்படி அனுப்பி வைத்தார் என்றும் ஒரு கதை உண்டு. மெல்லிய மூங்கில் புதரின் மேல் அது வளையாமல் உட்கார்ந்து, 'நீங்களும் வந்து உட்காருங்கள்' என்றாராம். வந்தவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். சண்டையிடாமல் இருக்கச் சொல்லித் தரும் கதை அது.

இரத்த உறவு மட்டும் அந்தக் கலையைக் காப்பாற்றவில்லை. தலைமை ஈஸாஸா குடும்பத்தில் 20ஆவது தலைமுறை வரை வந்திருக்கிறது. ஆனால் பல பத்தாண்டுகள் அதைக் கற்பித்தவர் அந்தக் குடும்பத்தைச் சேராத ஒதாகே ரிசுகே. பெயர் ஒரு வீட்டில் இருந்தது. உழைப்பு இன்னொருவருடையது.

என் கதை பிள்ளைகளிடம் எதையுமே கேட்கவில்லை. தமிழனாகப் பிறந்ததே போதும் என்றது.

சரி, அதுவும் உழைப்பைக் கேட்டிருந்தால் பொய் நியாயமாகிவிடுமா? ஆகாது. நம்பிச் சொல்வதும் நம்பாமல் சொல்வதும் ஒன்றல்ல. மரத்தின் மேல் தெய்வத்தைப் பார்த்ததாகச் சொல்லும் பக்தனின் சொல் பிழையாக இருக்கலாம். ஆனால் அவன் எதிரில் இருப்பவனை ஏமாற்றவில்லை. நானோ, என்னை முழுசாக நம்பிய பிள்ளைகளிடம் நானே நம்பாத ஒன்றைக் கொடுத்தேன். அவர்களில் ஒருவன் அதை இரத்தத்தில் கையெழுத்திட்டவன்போல அவ்வளவு பத்திரமாகக் காத்து, அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். ஒரு நல்ல மாணவன் செய்ய வேண்டியதைத்தான் அவன் செய்தான்.

வகுப்பு முடிந்ததும் வெளியே நிறுத்தி அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் பெல்ட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"அப்போ பிள்ளைங்ககிட்ட நான் என்ன சொல்றது மாஸ்டர்?"

"எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பொய் சொன்னாருன்னு சொல்லுடா. அங்கேருந்து ஆரம்பி."