மறைத்தலும் அருளே

படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழில்களுள் மறைத்தலைக் குறித்து ஐயுறுவார் பலர். ஒளித்தலும் அருளாமோ என வினவுவர். உயிரின் மலம் பக்குவம் எய்துங்காறும் இறைவன் தன்னைக் காட்டாது உடனின்று நடத்துதலே திரோதானம் ஆகலின், அதுவும் அருளேயாம் என்பது சித்தாந்தத் துணிபு. வளரும் மக்களையுடைய பெற்றோர் இந்நுட்பத்தை உளங்கொள்வாராக.

14 அகவை மகன் தந்தையைக் கண்டதும் கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கின்றான். மகள் தோழியரோடு பேசுஞ் சொல் தாய்க்கு விளங்குவதில்லை. விக்கிரவாண்டியிலும் திண்டிவனத்திலும் ஏனையூர்களிலும் பெற்றோர் முறையிடுவது இதுவே. பிள்ளை கெட்டதென்று முடிவு கட்டுமுன் இரண்டினை ஆராய்தல் வேண்டும்.

முதலாவது சொல். நன்னூலார் குழூஉக்குறியைத் தகுதிவழக்கினுள் அடக்கினார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்றும் வழங்கினமையை உரைகாரர் காட்டுவர். இளையோர் பெருமிதத்தைக் 'கெத்து' என்பதும், சுவையற்றதை 'மொக்கை' என்பதும், காணக் கூசுவதை 'க்ரிஞ்ச்' என்பதும் அவ்வினத்தனவே. அவை ஒத்த அகவையார் தம்முட் கொண்ட அடையாளமன்றிப் பெற்றோரை வெறுத்தமைக்குச் சான்றாகா.

இரண்டாவது மறைப்பு. இஃது இருவகைத்து. தனக்கென ஓர் உள்ளம் அரும்புங்கால் பிள்ளை நாடுந் தனிமை ஒன்று. அது பக்குவத்தின் குறி. அச்சத்தாற் பிறக்கும் மறைப்பு மற்றொன்று. முகமறியாதான் ஒருவன் கைப்பேசிவழி நட்புப் பூண்டு, படம் பெற்று, பின் அதனையே காட்டி அச்சுறுத்துவான். 'தந்தை அறியின் அடிப்பார், கைப்பேசியைப் பறிப்பார்' என்றஞ்சி அப்பிள்ளை வாய்மூடும். உணவும் உறக்கமும் குறைதல், பள்ளி செல்ல மறுத்தல், மணி ஒலிக்குந்தோறும் நடுங்குதல் ஆகியன கண்டுழி விழிப்புறுக. இத்தகைய கொடுமைகளினின்றும் 18 அகவை நிரம்பாதாரைக் காக்க 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் உளது; சிறார் உதவிக்கு 1098, இணையக் குற்றங்களை முறையிட 1930 என்னும் தொலைபேசி எண்களும் உள. ஆயினும், பிள்ளை வாய்திறந்தாலன்றி இவை பயன்படா.

வாய்திறத்தற்கு வழி யாது? விக்கிரவாண்டியை அடுத்த பனையபுரம், திருஞானசம்பந்தர் பாடல் பெற்ற புறவார் பனங்காட்டூர் ஆகும். பருந்துக்கஞ்சிய புறவுக்குச் சிபி அடைக்கலமளித்த வரலாற்றோடு அத்தலத்தை இயைத்துக் கூறுவர். அஞ்சி வந்த புறவை அம்மன்னன் குற்றம் வினவிற்றிலன், முதலிற் காத்தான்.

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. ஆதலின் கைப்பேசிக்கு வரம்பு வேண்டாவென யாம் கூறேம். இரவில் அது பிள்ளையின் படுக்கையில் இருத்தலாகாது என்னும் விதி இல்லத்தார் அனைவர்க்கும், பெற்றோர்க்கும், ஒப்ப அமைக. திருவதிகைத் திலகவதியாரை நோக்குமின். புறச்சமயம் புக்க தம்பியார் சூலைநோயுற்று அழைத்தபோது அவர் அங்குச் செல்ல இசைந்திலர், தம்பியார் இரவில் வந்து அடிவீழ்ந்தபோது பழித்தாருமல்லர், திருநீறளித்து ஏற்றார். உறுதியும் திறந்த வாயிலும் ஒருங்கே நிற்றல் கூடும்.

ஒளிந்து வேவுபார்த்தல் திரோதானம் அன்று, கைவிடுதலும் அன்று. 'எது நேரினும் முதலில் எம்மிடம் வா, அடியேம், வையேம்' என்று இன்றே பிள்ளைக்குச் சொல்லுமின், சொன்னவாறே நின்மின். உடனின்று பக்குவம் நோக்கிக் காத்திருத்தலே பெற்றோர் செய்யும் அருளாம்.

திருச்சிற்றம்பலம்.