சும்மா ஒரு மணி நேரம்

எனக்கு ஆடிட்டர் நண்பர் ஒருவர் உண்டு. கத்தோலிக்கர். வாராவாரம் வியாழக்கிழமை ராத்திரி ஒன்றரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, ஸ்கூட்டரில் பங்குக் கோயிலுக்குப் போவார். இரண்டிலிருந்து மூன்று வரை அங்கே இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து மறுபடி படுத்துக்கொள்வார்.

‘‘ஒரு மணி நேரம் அங்கே என்ன பண்ணுவீங்க?’’

‘‘ஒண்ணும் பண்ண மாட்டேன். சும்மா இருப்பேன்.’’

நான் பி.காம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு விலை உண்டு என்று சொல்லிக் கொடுத்துத்தான் எனக்கு டிகிரியே தந்தார்கள்.

இதற்கு நற்கருணை ஆராதனை என்று பெயர். பூசையில் அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தைக் கதிர்ப்பாத்திரத்தில் வைத்து பீடத்தில் ஸ்தாபிக்கிறார்கள். அது அப்பமல்ல, இயேசுவேதான் என்பது அவர்கள் விசுவாசம். அதனால் தனியே விட்டுவிட்டுப் போகக்கூடாது, ஓர் ஆளாவது கூட இருக்க வேண்டும். பல பங்குகளில் மாதத்தின் முதல் வெள்ளியன்று பாட்டு, சாம்பிராணி, ஆசீரோடு முடிந்துவிடும். சில இடங்களில் இரவு பகலாக நடக்கும். பாரீஸில் மோன்மார்த்ர் குன்றின் மேல் இருக்கும் திரு இருதயக் கோயிலில், கட்டடம் முடிவதற்கு முன்பே 1885 ஆகஸ்ட் 1-ம் தேதி ஆரம்பித்தார்கள். இரண்டு உலகப் போர்களைத் தாண்டியும் நிற்கவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். ஆளுக்கு ஒரு மணி என்றால் 168 பேர். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆள் கிடைத்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு?

‘‘இந்த நேரத்துல ஏழைப் பசங்களுக்கு ட்யூஷன் எடுக்கலாமே சார்?’’ என்றேன்.

சிரித்தார். ‘‘பைபிள்ல இதே மாதிரி கேட்டவர் யார் தெரியுமா? யூதாஸ்.’’

பெத்தானியாவில் மரியா என்ற பெண் விலையுயர்ந்த தைலத்தை இயேசுவின் காலில் ஊற்றுகிறாள். முந்நூறு தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்கிறான் யூதாஸ். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஏறக்குறைய ஒரு வருட வருமானம்! அந்தக் கூட்டத்தின் பணப்பை யூதாஸிடம்தான் இருந்தது. (எங்கள் டிபார்ட்மென்ட்.)

வாயடைத்துப் போனேன். ஆனால், ஒப்புக்கொள்ளவில்லை. 407-ல் இறந்த புனித யோவான் கிறிசோஸ்தோமும் கிட்டத்தட்ட இதைத்தான் கேட்டார். கோயிலுக்குள்ளே கிறிஸ்துவுக்குப் பட்டுப் போர்த்திவிட்டு, வெளியே குளிரில் நடுங்குகிறவனை விட்டுவிட்டால் எப்படி என்றார். கேள்வி நியாயமானதுதான். ஆராதனை முடிந்து வாசலுக்கு வருகிற ஒவ்வொருவரும் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அன்னை தெரசாவின் சகோதரிகள் 1973-ல் தினமும் ஒரு மணி நேர ஆராதனையை ஆரம்பித்தார்கள். வாசலில் வேலை குவிந்து கிடந்த கன்னியர்கள் அவர்கள்!

இது எனக்கு ஏன் உறுத்துகிறது என்றால்... அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த பத்து நாளும் நான் ஓடிக்கொண்டே இருந்தேன். மருந்துக்கு, பில் கட்ட, டாக்டரைப் பார்க்க. ‘‘செத்த நேரம் இங்க உக்காருடா’’ என்றாள் ஒருநாள். ‘‘உக்காந்து என்னம்மா பண்றது?’’ என்று கேட்டுவிட்டு பார்மஸிக்கு ஓடினேன். வாங்கி வந்த மருந்தின் பெயர்கூட இப்போது ஞாபகமில்லை.

போன மாதம் ஒரு ராத்திரி, மூன்று மணிக்காரர் வரவில்லையாம். போனும் எடுக்கவில்லை.

‘‘அப்புறம்?’’

‘‘நாலு மணிக்காரம்மா வர்ற வரைக்கும் இருந்தேன்.’’

காலை ஒன்பது மணிக்கு அவருக்கு ஆடிட் இருந்தது.