பயனா, பாதுகாப்பா?

வண்டன்மேட்டுத் தமிழரிடையே ‘ஏலம்’ என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு: விளைவதும் அதுவே, விற்கப்படும் முறையும் அதுவே. ஏலக்காய்க்கு விலை அது பயன்படப் போவதால் வருகிறது. பழம்பொருள்களுக்கோ, இனிப் பயன்படுத்தாதிருப்பதற்கே விலை. 2009 மார்ச்சில் நியூயார்க் நகரில் மகாத்மா காந்தியின் மூக்குக்கண்ணாடி, செருப்பு, கடிகாரம், தட்டு, கிண்ணம் ஆகியவை 18 இலட்சம் டாலருக்கு ஏலம் போயின. அவற்றை இனி ஒருவர் அணிவதோ, அவற்றில் உண்பதோ முறையன்று. அவை ஒரு தவவாழ்வின் சாட்சிகள்.

பாட்டனார் விட்டுச்சென்ற பித்தளை ரேசருக்கும் இந்த நியாயம் பொருந்துமா? 1904-இல் ஜில்லெட் காப்புரிமை பெற்ற அமைப்பில் மழுங்குவது பிளேடு மட்டுமே, பிடி நிலைத்திருக்கும். (வேதாந்தியின் மனம் இங்கே வேறோர் உவமைக்குத் தாவினால் வியப்பில்லை.) ஆகவே பேணுவதும் பயன்படுத்துவதும் இதில் பெரிதும் முரண்படா, மேற்பூச்சு சிறிது தேயும், அவ்வளவே. மிக அரிதான ஒன்றானால் அருங்காட்சியகத்தில் பலரும் காணட்டும். இலட்சக்கணக்கில் செய்யப்பட்ட ஒன்றை விலை உயருமென்று பூட்டி வைப்பவர் நினைப்பது பாட்டனாரையா, விலையையா? நாள்தோறும் அதைக் கழுவித் துடைத்து வைப்பவருக்கு அவர் நினைவு தானே வருகிறது. பூட்டியவரோ, மலைநாட்டு ஈரத்தில் பச்சை படர்ந்துவிட்டதா என்று எப்போதாவது திறந்து பார்க்கிறார்.