உதவி கோரலும் உண்மையும்

1945 ஆம் ஆண்டில் இலங்கையில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, பெரும்பாலும் முதற்பட்டத்தோடு நின்றுவிடுகின்றது. பட்டப்பின் படிப்பிற்குக் கட்டணம் வேண்டும். வல்வெட்டித்துறைக் கடற்றொழிலாளி ஒருவரின் மகள் உதவிநிதிக்கு விண்ணப்பிக்கையில், படிவம் தந்தையின் மாத வருமானத்தை வினவுகின்றது. வாடைக்காற்றில் கரையேற்றப்பட்ட வள்ளத்திற்கு மாத வருமானம் ஏது?

மீன்படாத மாதத்தை மட்டும் எழுதுதல் பொய். மீன்பட்ட மாதத்தை மட்டும் எழுதுதல் தனக்கே இழைக்கும் அநீதி. ஆண்டு வரவிலிருந்து எரிபொருட் செலவையும் வலைச் செலவையும் கழித்துப் பன்னிரண்டால் வகுத்து, வகுத்த முறையையும் விளக்கியெழுதுதலே அறம். ஏனெனில் அந்நிதி பிச்சையன்று; பலருக்கும் பொதுவானது. மிகைப்படுத்திய வறுமை இன்னொரு மாணவரின் இடத்தைப் பறிக்கும்.

ஆயினும் கடமை ஒருபக்கத்ததன்று. கடலின் கணக்கிற்கு இடமளியாத படிவம் உண்மையை எதிர்பார்ப்பது நீதியாகாது. உண்மையைக் கோருவோர், அதனை எழுதுதற்குரிய இடத்தையும் விடுதல் வேண்டும்.